ஆறாம் எண், எம் சைஸ்

கல்லூரி ரக்பி குழுவின் ஆர்டர் வாட்சாப்பில் வந்தது.
பதினைந்து பெயர், பதினைந்து எண், பதினைந்து அளவு.
ஆறுக்கு நேராக: எம்.

கைப்பிழை என்றுதான் நினைத்தேன்.
பாகாவ் பஸ் நிலையத்துக்குப் பின்னால், மாடிப்படிக்கு அடியில்
ஒரு ஹீட் பிரஸ், இரண்டு தையல் மெஷின், நான்.
பதினெட்டு வருடமாக அவர்களுக்கு எண் ஒட்டுகிறேன்.
ஆட்டம் ஒன்றுகூடப் பார்த்ததில்லை.
ஆனால் ஆறாம் எண்காரனை நாடாவால் அறிவேன்.
எந்த வருடம் யார் வந்தாலும்
கதவில் பக்கவாட்டாகத்தான் நுழைவான்.

போன வருடம் தவசீலன்.
கழுத்துக்குத் தனியாக வெட்ட வேண்டியிருந்தது.
செம்பனை மில்லில் லோரி இறங்கியதும்
எடைமேடையில் ஏறி நின்றானாம்.
"அது பத்துப் பத்தாத்தான் காட்டும்க்கா.
நூறுன்னுச்சு. நாலு நானே சேர்த்துக்கிட்டேன்."
உன் வேலை என்னடா என்றதற்கு,
"சுவரு. வர்றவன் வந்து மோதிட்டுத் திரும்பிப் போவான்."

ரொசைமி சாருக்குப் போன் போட்டேன்.
"பெத்துல், காக். எம்தான்."

பையன் வந்தான். பதினேழாங்கட்டைத் தோட்டம். யுகேந்திரன்.
நாடா அவனைச் சுற்றி வந்த பிறகும்
பாதி என் கையில் தொங்கியது.
நீயா சுவர்?

"சுவரெல்லாம் இல்லக்கா.
இப்ப பந்தை அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு வீசுறாங்க.
சுவரு திரும்பிப் பாக்குறதுக்குள்ள
ஆளு புள்ளி வாங்கிட்டு நிப்பான்.
நான் ஓடணும். ஓடுறதுக்கு முன்ன
அவன் எங்க போவான்னு தெரிஞ்சுக்கணும்."

எப்படித் தெரியும்?

"இடுப்பு. கண்ணு பொய் சொல்லும், தோளு பொய் சொல்லும்.
இடுப்பு போற பக்கந்தான் ஆளு போவான்."

இது எனக்குத் தெரியாதா?
வாய் முப்பத்திரண்டு என்று சொல்லும்போதே
முப்பத்தாறு என்று நிற்கிற இடுப்புகளோடுதானே
இத்தனை வருடம் குடித்தனம்.

அடுத்த வாரம் தவசீலன், பழைய ஜெர்சியோடு.
முன்வரிசைக்கு மாற்றிவிட்டார்களாம். எண் மூன்று.
"தலையைக் குனிஞ்சு தள்ளுற வேலைக்கா.
பந்தையே பார்க்க முடியாது."
புதுசு தைக்கட்டுமா?
"வேணாம். இதிலேயே ஒட்டுங்க."

ஆறை உரித்தேன். பசைத்தடம் போகவில்லை.
பெட்ரோல் போட்டேன், நகத்தால் சுரண்டினேன்.
சிவப்புத் துணியில் ஓர் ஆறு வெளிறிக் கிடந்தது.
மேலே மூன்றை வைத்து அழுத்தினால்
வலப்பக்கம் மறைகிறது,
இடப்பக்க வளைவு அப்படியே நிற்கிறது.
கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால்
எட்டு.
அவனிடம் சொல்லவில்லை. காசும் வாங்கவில்லை.

சனிக்கிழமை கடையைச் சாத்திவிட்டுப் போனேன்.
மழை விட்ட திடல், முழங்கால் வரை செம்மண்.
சிரம்பான்காரர்களில் ஒருவன், லோரி முன்பாகம் மாதிரி,
பந்தை மார்பில் அணைத்து நேராக வந்தான்.
வளையவில்லை, ஏமாற்றவில்லை.
அந்த இடுப்பில் படிக்க ஒன்றுமே இல்லை.

யுகேந்திரன் ஒதுங்கவில்லை.
கணுக்காலைக் கட்டிக்கொண்டான்.
கொடியில் மறந்த ஈரத்துணி போல
ஐந்து அடி, ஆறு அடி, இழுபட்டான்.
அந்த ஆறு அடிக்குள்
மூச்சு வாங்கிக்கொண்டு, பிந்தி,
எப்போதும் போலப் பிந்தி,
தவசீலன் வந்து சேர்ந்தான்.

சத்தம் என் பற்களில் கேட்டது.

நடுவர் விசில் ஊதினார். கழுத்துக்கு மேலே பிடித்துவிட்டானாம்.
"எண் எட்டு!" என்று கை நீட்டினார்.
திடலின் மறுகோடியில் உண்மையான எட்டு
தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவன்
நானா? நானா? என்று மார்பில் தட்டிக்கொண்டு ஓடி வந்தான்.
ரொசைமி சார் என்னைத் திரும்பிப் பார்த்தார்.
நான் செம்பனை மரங்களைப் பார்த்தேன்.
மறுநடவுக் கன்றுகள், குட்டை ரகம்,
நின்ற இடத்திலிருந்தே குலையைத் தொடலாமாம்.

யார் ஜெயித்தார்கள் என்று கேட்காதீர்கள்,
எனக்குப் புள்ளிக் கணக்கு புரியவில்லை.
எம் சைஸின் அக்குள் தையல் பிரிந்திருந்தது.
என் தையல். இரட்டையாக ஓட்டியிருக்க வேண்டும்.
சின்ன ஆளுக்கு அவ்வளவு எதற்கு என்று
விட்டுவிட்டேன்.